எழு என்று மூன்று முறை: ‘சோலோ லெவலிங்’ நிழல்படையைப் பற்றி

‘சோலோ லெவலிங்’ அனிமேயின் இரண்டு சீசனையும், மொத்தம் 25 எபிசோட், இந்த மாதம் இரண்டாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். முதல் தடவை எல்லோரையும் போல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இந்தத் தடவை ஒரு காரணம் இருந்தது. செத்தவர்களை எழுப்பிப் படையாக நடத்துவதுதான் அனிமே சண்டைகளிலேயே பெரிய பவர் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். எனக்கும் அந்த வகைச் சண்டை என்றால் உயிர். ஆனாலும் ‘பெரிய பவர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனம் வரவில்லை. அதனால் கதாநாயகன் ஜின்வூ எழுப்பும் பிணங்கள் நிழல்களாகத் திரையில் எழும்போதெல்லாம் நிறுத்தினோம். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம், இந்த இடத்தில் படையால் ஜின்வூவுக்கு என்ன கிடைத்தது. வலது பக்கம், அதற்காக அவன் என்ன கொடுத்தான்.

கதையை உடைக்காமல் இதை எழுத முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிழல்படைக்காக மட்டும் இந்தத் தொடரைத் தொடங்குகிறவர்கள் பொறுமையோடு உட்கார வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்த முதல் சீசனில் 12 எபிசோட். அந்தப் பவர் கடைசி எபிசோடில்தான் வருகிறது. அதுவரை ஜின்வூ தனி ஆள். அரக்க மிருகங்களை வேட்டையாடுகிறவர்களில் கடைசித் தரமான இ ரேங்க் வேட்டைக்காரனாகத் தொடங்கி, அடி வாங்கி, சாகக் கிடந்து, கத்தியை வைத்துக்கொண்டு மேலே ஏறுகிறான். இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. 11-ஆவது எபிசோடில் காலியான சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கவச வீரன் நிற்கிறான், இக்ரிஸ். அவனை ஜெயிப்பதற்குள் ஜின்வூவுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. அடுத்த எபிசோடில் அதே இக்ரிஸின் உடல்மேல் கையை நீட்டி ‘எழு’ என்கிறான். ஜப்பானிய ஒலியில் ‘ஓகிரோ’. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது முறை சொல்கிறான், அதுவும் வீண். ஒரு உடலுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவது முறை சொல்லும்போது தரையிலிருந்து கருப்பு கிளம்புகிறது.

அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது தடவை பார்த்தபோதும் அப்படியே. ஏன் என்று யோசித்தேன். இக்ரிஸ் எவ்வளவு பலசாலி என்று எனக்குத் தெரியும். அவன் போட்ட ஒவ்வொரு அடியையும் முந்தைய எபிசோடில் பார்த்திருக்கிறேன். அந்தப் பலம் இப்போது பக்கம் மாறுகிறது. அப்புறம், அது கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த ‘எழு’வுக்கு அவ்வளவு கனம்.

நான் ஆறு வருடமாக ஷோகி ஆடுகிறேன், ஜப்பானியச் சதுரங்கம். நம் சதுரங்கத்தில் வெட்டின காய் பலகையை விட்டுப் போய்விடும். ஷோகியில் போகாது. எதிராளியின் காயை வெட்டினால் அது உங்கள் கைக்கு வரும். உங்கள் முறை வரும்போது அதைப் பலகையில் காலியான கட்டத்தில் வைத்து, உங்கள் ஆளாக ஆட வைக்கலாம். காய்களுக்கு நிறமே கிடையாது. எல்லாம் ஒரே மரநிறம், ஒரு முனை கூர்மையாக இருக்கும். கூர்முனை யாரைப் பார்த்து நிற்கிறதோ அவருக்கு எதிரி. வெட்டின காயை விரலால் திருப்பி வைக்கும் அந்த ஒரு நொடியில் நேற்று வரை என்னை அடித்தவன் என் ஆள் ஆகிவிடுகிறான். இக்ரிஸ் எழுந்தபோது எனக்கு அந்த விரல் திருப்பல்தான் ஞாபகம் வந்தது.

இந்த வகைப் பவரின் முதல் பலமும் அதுதான். எதிரியிடம் ஒன்று குறையும்போது என்னிடம் ஒன்று கூடுகிறது. நூறு பேர் எதிர்த்து நின்றால் சாதாரண ஹீரோவுக்கு அது ஆபத்து. ஜின்வூவுக்கு அது ஆள் சேர்ப்பு. மிருகங்கள் நிறைந்த ‘சிவப்பு வாசல்’ என்ற இடத்துக்குள் பனிக்கரடிகளோடு மோதிவிட்டு வெளியே வரும்போது ‘டேங்க்’ என்ற கரடி அவனுடைய ஆள். ஆர்க் மந்திரவாதி விழுந்தால் அவனுடைய மந்திரம் அழியாமல் ‘டஸ்க்’ ஆகப் படைக்கு வந்துவிடுகிறது. நாள் ஆக ஆக எதிரி களைக்கிறான், இவன் பெருக்கிறான். இதுபோலப் போர் நீள நீளப் பலம் கூடுகிற பவர்கள் குறைவு. தம்பி சொல்வதில் இது வரைக்கும் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது பலம் பயமின்மை என்று எல்லோரும் சொல்வார்கள். நிழல்கள் பயப்படாது, களைக்காது, வெட்டினாலும் ஜின்வூவிடம் மானா, அதாவது மந்திர சக்தி, இருக்கும் வரை மறுபடி எழும். அது உண்மைதான். ஆனால் என் நோட்டில் இடது பக்கம் நான் பெரிதாக வட்டம் போட்டது வேறொன்று: நிழல்மாற்றம். ஒரு நிழல் நிற்கும் இடத்துக்குத் தானே போய், தன் இடத்துக்கு அந்த நிழலைக் கொண்டுவரும் வித்தை. ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி பயன்படுத்தச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். ராட்சத எறும்புகள் பிடித்துவைத்திருக்கும் ஜேஜு தீவை மீட்கப் போகும் தாக்குதலில் ஜின்வூ கலந்துகொள்ளவே இல்லை. ஆனால் போகிறவர்களின் நிழலுக்குள் தன் ஆட்களை முன்பே ஒளித்து வைத்திருக்கிறான். அங்கே எல்லாம் கைமீறிப் போன நேரத்தில் கண் மூடித் திறப்பதற்குள் தீவில் நிற்கிறான். பிணப்படை என்றால் கூட்டமாக ஓடிவந்து மோதுவது மட்டுமே என்று நினைக்கிற கதாசிரியர்கள் நிறையப் பேர். இங்கே ஒரே ஒரு நிழல், சண்டையே போடாமல், ஒருவருடைய காலடியில் சும்மா கிடந்தே போரின் முடிவை மாற்றுகிறது. ஷோகியில் கையிலிருக்கும் காயை எதிராளி மறந்த கட்டத்தில் வைப்பது போல. இதை எழுதியவருக்குப் போர் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

சரி, வலது பக்கம் என்ன எழுதினேன்?

முதல் சில வரிகள் நன்றாகவே வந்தன. எழுப்புவதற்கு விதிகள் இருக்கின்றன. இறந்து நேரம் ஆக ஆக எழுப்புவது கடினம். செத்தவன் எவ்வளவு பலசாலியோ அவ்வளவு கடினம். சிவப்பு வாசலில் பனிக்குட்டிச்சாத்தான்களின் தலைவன் பருகாவை உயிரைக் கொடுத்து ஜெயிக்கிறான். மூன்று முறை கூப்பிடுகிறான். மூன்றும் தோல்வி. அவ்வளவுதான், பருகா போய்விட்டான். ஷோகியிலும் கைக்காய்க்கு இப்படிக் கட்டுப்பாடு உண்டு. ஒரே செங்குத்து வரிசையில் இரண்டாவது சிப்பாயை வைக்கக் கூடாது. சிப்பாயை வைத்த கையோடு ராஜாவை மடக்கி ஆட்டத்தை முடிக்கக் கூடாது. பதவி உயர்ந்த காயை வெட்டினால் அது பழைய சாதாரணக் காயாகத்தான் கைக்கு வரும். இந்தத் தடைகள் இல்லாவிட்டால் கைக்காய் ஆட்டத்தையே கெடுத்துவிடும். பருகா காட்சி எனக்கு அதனால்தான் பிடித்தது. ‘இது எல்லோர் மேலும் செல்லாது’ என்று தொடர் தைரியமாகச் சொன்ன இடம் அது.

அதற்குப் பிறகு வலது பக்கம் வெறுமையாகவே இருந்தது.

ஜின்வூ தானே படையை விடப் பல மடங்கு பலசாலி ஆகிவிடுகிறான். அதுதான் என் முக்கியக் குறை. அந்தத் தீவில் எறும்பு ராஜா வரும்போது நிழல்கள் அவன் முன்னால் நிற்க முடியாமல் நொறுங்குகின்றன. அந்தக் காட்சி மிரட்டுகிறது. ஆனால் அப்புறம் என்ன? ஜின்வூ தனியாக இறங்கி, தன் கையாலேயே அவனைக் கொன்று, அவனையும் ‘பெரு’ என்ற நிழலாக்கிக்கொள்கிறான். ஓவியம் அற்புதம். ஏ-1 பிக்சர்ஸ் ஆட்கள் அந்தச் சண்டையின் வேகத்தைக் கோடுகளால் மட்டுமே காட்டுகிற சில நொடிகள் இருக்கின்றன, அதற்கே இன்னொரு தடவை பார்க்கலாம். ஹிரோயுகி சவானோவின் இசை வேறு நெஞ்சைத் தட்டுகிறது. ஆனால் ராஜாவே போய் எல்லாக் காயையும் வெட்டிவிட்டு வந்தால் மற்ற காய்களுக்குப் பலகையில் என்ன வேலை? படை பின்னணி ஆகிவிடுகிறது. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன், ‘அக்கா, மானா இருக்கிற வரைக்கும் எதுவும் சாகாது. இதுக்கு மேல என்ன வேணும்?’ என்றான். எனக்கு வேண்டியது இருக்கிறது. அதைச் சொல்ல வேறு சில தொடர்களைக் கூப்பிட வேண்டும்.

முதலில் ‘நருட்டோ’. அதில் வரும் எடோ டென்செய் வித்தையைத்தான் பிணப்படைச் சண்டைகளுக்கே பாடப்புத்தகம் என்பேன். நிஞ்ஜா கிராமத்தின் தலைவரான இரண்டாம் ஹொகாகே உருவாக்கியது. செத்தவரின் உடலிலிருந்து ஏதாவது ஒரு துணுக்கு வேண்டும், உயிரோடு ஒரு ஆள் பலியாக வேண்டும். அப்படி எழுகிறவருக்குச் சக்ரா, அதாவது நிஞ்ஜாக்களின் உள்சக்தி, தீராது. கையை வெட்டினால் காகிதச் சுருள்போலத் துகள்கள் பறந்து வந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். முகத்தில் மண்பாண்டம் வெடித்தது போலக் கீறல்கள், கண்ணின் வெள்ளை இருண்டு கிடக்கும். முதலில் ஒரோச்சிமாரு தன் குருவுக்கு எதிராக இரண்டு பழைய ஹொகாகேக்களை எழுப்பினான். பின்னால் ‘ஷிப்புடென்’ போரில் கபுடோ ஒரு தலைமுறை வீரர்களையே எழுப்பி அனுப்பினான்.

பலத்தைப் பார்த்தால் ஜின்வூவின் படைக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. ஆனால் இதில் ஓட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கதை ஆகிறது. உடலைக் கபுடோ ஆட்டுகிறான், வாய் மட்டும் சொந்தக்காரருடையது. அதனால் எழுப்பப்பட்டவர்கள் எதிரியிடமே தங்கள் ரகசியத்தைச் சொல்கிறார்கள். எழுப்பப்பட்ட இன்னொரு கிராமத் தலைவரான இரண்டாம் மிசுகாகே தன் வித்தையை எப்படி முறிப்பது என்று எதிரணிக்குக் கத்தி கத்திச் சொல்லிக்கொண்டே அடிக்கிறார். எவ்வளவு நல்ல யோசனை! ஆயுதம் தன்னைப் பிடித்திருக்கும் கைக்கு எதிராகப் பேசுகிறது. பேச்சை அடக்க வேண்டுமானால் கபுடோ அவர்களுடைய குணத்தையே அழிக்க வேண்டும். சில பேருக்கு அப்படியே செய்கிறான். அறிவுள்ள வீரன் வேண்டுமா, அடங்கிய பொம்மை வேண்டுமா? இரண்டும் ஒரே உடலில் கிடைக்காது. ‘சோலோ லெவலிங்’ நிழல்களுக்கு இந்தத் தர்மசங்கடமே இல்லை. அவை ஒரே நேரத்தில் புத்திசாலியாகவும் பக்தனாகவும் இருக்கின்றன.

இன்னொரு ஓட்டை மனது. எழுப்பப்பட்ட பொம்மலாட்டக்காரன் சசோரியிடம் எதிரணியின் கங்குரோ பேசுகிறான். பொம்மைக்குள் இருக்கும் ஆன்மா அடுத்தவர் கையிலும் வாழும் என்று அவனுக்குப் புரிய வைக்கிறான். சசோரி தன் தாய் தந்தை பொம்மைகளை அவனிடமே ஒப்படைத்துவிட்டு உதிர்ந்துபோகிறான். அடித்து வீழ்த்தவே முடியாத உடலை ஒரு மனநிறைவு வீழ்த்தியது. அடுத்தது, அதேபோல எழுப்பப்பட்ட இடாச்சி. தன்மேல் இருந்த பிடியை வேறொரு கண்வித்தையால் அறுத்துக்கொண்டு, குகைக்குள் ஒளிந்திருக்கும் கபுடோவைத் தேடிக் கிளம்புகிறான். போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான பேர் செத்த வீரர்களோடு மோதிக்கொண்டிருக்க, அவன் மட்டும் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கப் போகிறான். கபுடோ கையாலேயே வித்தையைக் கலைக்க வைக்கிறான். உடனே களம் முழுக்க ஆன்மாக்கள் ஒளியாக மேலே போகின்றன. படையின் பலம் எவ்வளவு இருந்தால் என்ன, கயிறு ஒன்றுதானே!

ஆனால் எழுப்பப்பட்டவர்களில் மதாரா மட்டும் போகவில்லை. தன் பக்கத்திலிருந்தே கட்டை அவிழ்க்கும் முத்திரைகள் அவனுக்குத் தெரியும். அவிழ்த்துக்கொண்டு, தீராத சக்ராவோடு, யாருக்கும் கட்டுப்படாமல் நிற்கிறான். நம்மூரில் சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். தன்னைவிடப் பெரியவனை எழுப்பினால் இந்த ஆபத்து இருக்கிறது. 2023-இல் வந்த ‘ஜுஜுட்சு கைசென்’ இரண்டாம் சீசனில் இதையே இன்னும் சுருக்கமாகச் செய்தார்கள். ஓகாமி பாட்டி, செத்துப்போன கொலைகாரன் டோஜியின் உடலைத் தன் பேரன்மேல் இறக்குகிறாள். அந்த உடல் உள்ளே இருந்தவனையே விழுங்கிவிட்டுப் பாட்டியைத்தான் முதலில் அடிக்கிறது. சில நிமிடம்தான், ஆனால் மறக்க முடியாது.

‘ஒன் பீஸ்’ கெக்கோ மோரியாவைப் பற்றி நிறையப் பேர் பேசுவதில்லை. எனக்கு அது ஒரு குறை. த்ரில்லர் பார்க்கில் அவனுடைய முறை இது: உயிருள்ளவர்களின் நிழலை வெட்டி எடுக்க வேண்டும், ஹாக்பேக் என்ற டாக்டர் தைத்துச் சரிசெய்த பிணத்துக்குள் திணிக்க வேண்டும். உடலின் பலம் பிணத்துடையது, வித்தையும் குணமும் நிழலுடையது. பெரிய ராட்சதன் ஓர்ஸின் உடலில், கடற்கொள்ளையர் ராஜா ஆகத் துடிக்கும் கதாநாயகன் லூஃபியின் நிழலைத் திணிக்கிறான். ஓர்ஸ் எழுந்தவுடன் யார் பேச்சையும் கேட்காமல் கடற்கொள்ளையர் ராஜா ஆகக் கிளம்பிவிடுகிறான்! நிழல் அடங்க நேரம் ஆகும் என்ற விதி அங்கே அழகாக வேலை செய்கிறது. முறிவு எது தெரியுமா? உப்பு. வாயில் உப்பைப் போட்டால் நிழல் பிரிந்து சொந்தக்காரரிடம் ஓடிவிடும். இவ்வளவு பெரிய படைக்கு இவ்வளவு எளிய முறிவு. ஓர்ஸுக்கு வலி தெரியாது, எவ்வளவு அடித்தாலும் எழுகிறான். கடைசியில் முதுகெலும்பை உடைக்கிறார்கள். வலி இல்லாவிட்டாலும் முதுகெலும்பு இல்லாமல் நிற்க முடியாதே. வலி தெரியாத உடலை எப்படி ஜெயிப்பது என்ற கேள்விக்கு நான் பார்த்ததிலேயே நேர்மையான பதில் அது.

மோரியா ஏன் பிணங்களைத் தேடிப் போனான் என்பதையும் அந்தத் தொடர் சொல்கிறது. அவனுக்கும் ஒரு காலத்தில் உயிருள்ள கூட்டாளிகள் இருந்தார்கள். கைடோ என்ற கொள்ளையனோடு மோதி எல்லோரையும் இழந்துவிட்டான். உயிரோடு இருப்பதால்தானே இழக்கிறோம், ஏற்கெனவே செத்தவர்களை இழக்க முடியாதே என்று முடிவு செய்துவிட்டான். இந்தக் காரணத்தை முதன்முதலில் கேட்டபோது நான் வீடியோவை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிணப்படையின் மிகப் பெரிய பலம் என்று நாம் சொல்வது, இழப்பே இல்லை என்பது, ஒரு மனிதனுடைய துக்கத்திலிருந்து வந்திருக்கிறது. அதே மோரியா கடைசியில் ஆயிரம் நிழல்களைத் தனக்குள்ளேயே அடைத்துக்கொள்கிறான். தாங்க முடியாமல் அவை பிய்த்துக்கொண்டு வெளியேறுகின்றன.

‘ஓவர்லார்ட்’ 2015-இல் தொடங்கியது. அதில், கணினி விளையாட்டில் ஆடிய மந்திரவாதி உருவத்தோடே புது உலகத்தில் மாட்டிக்கொண்ட ஐன்ஸ் எழுப்பும் டெத் நைட் என்ற பிணவீரன் எனக்குப் பிடிக்கும். விளையாட்டில் அது எஜமானைக் காக்கும் கேடயம். எதிரிகளின் அடியைத் தன் பக்கம் இழுக்கும், எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு முறை துளி உயிரோடு தாக்குப் பிடிக்கும். புது உலகத்தில் அதை எழுப்பி அந்த வீரர்களைக் கொல் என்றதும் எஜமானை விட்டுவிட்டு ஓடியே போய்விடுகிறது. கேடயம் ஓடிப்போனதைப் பார்த்து ஐன்ஸே திகைக்கிறான். உத்தரவு என்றால் சொன்ன வார்த்தை மட்டும்தான் என்று காட்டும் சின்ன இடம் அது. அதே முதல் சீசனின் கடைசியில் அவனுடைய வாம்பயர் ஷால்டியரின் மனதை வேறு யாரோ ஒரு பொருளால் பிடித்துவிடுகிறார்கள். ஐன்ஸ் தன் ஆளோடு தானே மோதி, கொன்று, 50 கோடித் தங்கக் காசு கொடுத்து மறுபடி உயிர்ப்பிக்கிறான். நம் பக்கத்துப் பலத்தை எதிரி பறித்தால் அதே பலம் நம்மை அடிக்கும். ‘ப்ளீச்’ தொடரில் விஞ்ஞானி மயூரி இன்னும் நேரடி. எதிரி ஜிசெல்லின் ஜாம்பிகளுடைய ரத்தத்தின் சேர்மானத்தையே மாற்றி அவர்களைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’டில் சாவே இல்லாத படை என்று உசுப்பிவிட்ட பொம்மை வீரர்கள் சொந்த ராணுவத்தையே கடிக்கிறார்கள். அங்கே கயிறே கட்டவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த ‘ஃப்ரீரன்’. 2023-24இல் வந்த முதல் சீசன் 28 எபிசோட். அதில் 9, 10-ஆவது எபிசோடுகளில் ஆரா என்ற அரக்கி வருகிறாள். கையில் ஒரு தராசு. ஒரு தட்டில் தன் ஆன்மா, மறு தட்டில் எதிராளியின் ஆன்மா. யாருக்கு மானா அதிகமோ அவர் சொன்னபடி மற்றவர் எப்போதும் ஆட வேண்டும். மனவலிமை உள்ளவர்கள் கொஞ்ச நேரம் மீறிப் பார்ப்பார்கள் என்பதால் அவர்களுடைய தலையை வெட்டிவிடுகிறாள். அப்புறம் மீற யார் இருக்கிறார்கள்? அவளைச் சுற்றித் தலையில்லாத கவசங்கள் வரிசையாக நிற்கின்றன. கூச்சல் இல்லை, உறுமல் இல்லை.

இந்தப் பவரில் எனக்குப் பிடித்தது, ஆரா ஒவ்வொரு முறையும் தன் ஆன்மாவையும் தராசில் வைத்தாக வேண்டும். மற்றவனைக் கட்ட வேண்டுமானால் தன்னையும் கட்டக் கொடுக்க வேண்டும். இருபக்கமும் இழுக்கிற கயிறு. 500 வருட மானா இருப்பதால் அவளுக்குப் பயமே இல்லை. நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இன மந்திரவாதியான கதாநாயகி ஃப்ரீரனின் மானா சின்னதாகத் தெரிகிறது, தராசை எடுக்கிறாள். ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்து, அந்த மானாவை வாழ்நாள் முழுக்க மறைத்தே பழகியவள் ஃப்ரீரன். தட்டு சாய்கிறது. அதற்குப் பிறகு ஃப்ரீரன் சொல்லும் உத்தரவு ஒரே வரிதான். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை, பார்க்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசுக்கு முன்னால் நடக்கும் ஒரு காட்சி அதைவிடப் பெரியது. தலையில்லாத படை ஃப்ரீரனை நோக்கி வருகிறது. ஒரே வெடிப்பில் எல்லோரையும் சிதறடிக்க அவளால் முடியும். செய்யவில்லை. ஒவ்வொரு கவசத்தின் மேலும் இருக்கும் கட்டுப்பாட்டு மந்திரத்தை அவிழ்த்துக்கொண்டே போகிறாள். அதற்கு மானா நிறையச் செலவாகும். கட்டு அவிழ்ந்த உடல் அப்படியே மண்ணில் சாய்கிறது. முன்பு ஒருமுறை இதே படையை அவள் வெடித்துச் சிதறடித்தபோது அவளுடைய பழைய தோழன் ஹிம்மல் கோபப்பட்டானாம். அது ஒன்றுதான் காரணம். ஹிம்மல் இறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவள் அந்த உடல்கள் ஒரு காலத்தில் யாரோ என்பதை மறக்கவில்லை. ஆராவுக்கு அது புரியவே இல்லை. சண்டைக் காட்சிக்கு நடுவில், ஒரு அடிகூட விழாமல், எதிரியின் ஆயுதங்களுக்கு மரியாதை செய்கிறாள். இதை நான்கு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

அதனால்தான் என் தம்பியோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. எழுந்து நிற்கும் கூட்டத்தின் அளவு என்னை இழுப்பதில்லை. அதன் கயிறு எங்கே கட்டியிருக்கிறது, அதை யார் அறுக்கலாம், கட்டினவனிடமிருந்து அது எதைப் பிடுங்கும் என்று தெரிந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை பார்க்கும் ஆசை வருகிறது. இந்தக் கணக்கில் ‘சோலோ லெவலிங்’ இரண்டு சீசனுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். 2025 க்ரஞ்சிரோல் விருதுகளில் ஆண்டின் சிறந்த அனிமே என்று அதைத் தேர்ந்தெடுத்தபோது எனக்கும் சந்தோஷம்தான். பார்க்கிறவர்கள் ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். டைட்டோ பான் அந்த ‘ஓகிரோ’வைக் கத்தாமல், அடித்தொண்டையில், பக்கத்தில் இருப்பவரை எழுப்புவது போலச் சொல்கிறார்.

இன்னொரு காட்சி மீதி இருக்கிறது. ஜேஜு தீவில் சா ஹேயின் என்ற வேட்டைக்காரி சாகக் கிடக்கிறாள். காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் மின் பியுங்கியு. உச்சத் தரமான எஸ் ரேங்க் ஹீலர், காயம் ஆற்றுகிறவர். ஆனால் அவர் அதே தாக்குதலில் இறந்துவிட்டார். தோழர்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஜின்வூ அவரை எழுப்புகிறான். நிழலாக எழுந்தவர் சா ஹேயினின் காயத்தை ஆற்றுகிறார். காரியம் முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு ஷோகிக்காரியாக நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஜின்வூவின் படையில் அடிக்கிறவன், தாங்குகிறவன், பறக்கிறவன், மந்திரம் போடுகிறவன் எல்லாம் உண்டு. ஹீலர் இல்லை. நிழல்களுக்குத் தேவை இல்லை, ஆனால் அவனுக்கும் அவனைச் சுற்றியிருக்கும் உயிருள்ளவர்களுக்கும் தேவை. கைக்கு வந்த காயை யாரும் பெட்டியில் போட மாட்டார்கள்.

ஜின்வூ அவரைப் போக விடுகிறான்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். ‘அக்கா, ஹீலரைப் போய் ஏன் விட்டான்?’ என்றான். நான் பதில் சொல்லாமல் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினேன். நோட்டில் வலது பக்கம் பேனாவை வைத்து எழுதினேன்: எஸ் ரேங்க் ஹீலர், ஒருவர்.